எழுந்து போனால் கோல்

மேற்கு கேலரியின் கடைசி வரிசையில், கழிப்பறைக்கு இறங்கும் படிக்கட்டை ஒட்டிய ஓர இருக்கைக்காரர் அந்த லிஃப்ட் மெக்கானிக். தன் அணி சொந்த மைதானத்தில் அடித்த கோல் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஒரே ஒரு கோலைப் பார்த்திருக்கிறார். அதை நடுவர் ஆஃப்சைடு என்று அழித்துவிட்டார்.

அவர் எழுந்து போனால்தான் கோல் விழும். இதைக் கண்டுபிடித்தது அதே வரிசையில் உட்காரும் கண்டக்டரம்மா. நெரிசலான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை ஒரே பார்வையில் பிடிக்கிற கண்ணுக்கு இது தப்புமா? மூன்று மேட்ச் கவனித்துவிட்டு நான்காவது மேட்ச்சில் எழுந்து நின்று, பின்படிக்கட்டில் தொங்குகிறவனை அதட்டும் குரலில் கத்தினாள்.

"லிஃப்ட்டு, கிளம்பு!"

லிஃப்ட்காரர் கிளம்பினார். கோல் விழுந்தது. அன்றோடு அவர் மேட்ச் பார்த்த அழகு முடிந்தது. அணி தடுமாறும்போதெல்லாம் முதலில் அந்த வரிசை கத்தும், பிறகு கேலரி கத்தும், கடைசியில் அவர் யாரென்றே தெரியாத எதிர்க் கேலரியும் சேர்ந்துகொண்டு, "லிஃப்ட்டு, கிளம்பு!" என்று தாளம் போடும். மூத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் மனுஷன் இறங்கிப் போய், வெள்ளை ஓட்டுச் சுவரைப் பார்த்தபடி தேமே என்று நிற்பார்.

ஆனால் காது சும்மா இருக்காது. லிஃப்ட் அரை மாடி ஏறுவதற்குள் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் காது அது. கழிப்பறையில் நின்றே மேட்ச் முழுவதையும் படித்துவிடுவார். கார்னர் என்றால் கூட்டம் மூச்சை உள்ளே இழுக்கும். ஃப்ரீ கிக் என்றால் முதலில் வசவு, பிறகு அமைதி. பந்து கம்பத்தில் பட்டால், ஊரே ஒரே சமயத்தில் கால் சுண்டுவிரலை மேசைக்காலில் இடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வரும். கோல் மட்டும் காதில் விழாது. அது சுவரில் விழும். தண்ணீர்த் தொட்டியின் மூடி குதிக்கும். மூடி குதித்ததும் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டு மேலே வருவார். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, "என்ன கோல்ய்யா! பார்த்திருக்கணும் நீ!" என்பார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் அந்த இருக்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம், பக்கத்து இருக்கை மச்சானுடையது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பல்செட் செய்கிறவர். அவர் பட்டறை ஜன்னலில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டர் தாடைகள் தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். ஊரில் பாதிப்பேரின் சிரிப்பு அவர் கைவேலைதான். அவர் மட்டும் சிரித்ததாகத் தகவல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் இந்த இருக்கைகளில் சேர்ந்து உட்கார்ந்து சிநேகிதர்கள் ஆனவர்கள். உறவு பிற்பாடு வந்தது, சண்டை அதற்கும் பிற்பாடு.

சண்டை இதுதான். வெளியூரில் ஒரு மேட்ச் நடந்த நாளில், மச்சான் தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். பழுது பார்க்க வந்தது நம் லிஃப்ட்காரர்தான். மொட்டை மாடி மோட்டார் அறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கோல்! ஸ்பானரை எடுத்தார், லிஃப்ட்டை இறக்கினார், கதவைத் திறந்தார். மச்சான் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "ஸ்கோர் என்ன?" என்பதுதான். சொன்னதும் முகம் இரும்பாகிவிட்டது.

"அடிச்ச உடனே கயிறு இறங்கற ஓட்டை வழியா உள்ள ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமில்ல? இருட்டுல நான் செத்துப் பொழைச்சிட்டிருக்கேன், நீ மேல தனியா கொண்டாடியிருக்கே!"

மாட்டிக்கொண்டதற்குக் கோபமில்லை. கோலைச் சொல்லாததற்குத்தான் கோபம். 'இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்' என்று அன்று சொன்னவர் இன்றுவரை மிதிக்கவில்லை. தங்கை போன் செய்தால் "ம்" என்பார். அடுத்த கேள்விக்கு இன்னொரு "ம்". ஒவ்வொரு வார்த்தையையும் அரத்தால் தேய்த்துத்தான் தருவார்.

ஆனால் சீசன் டிக்கெட் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அதனால் ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது. முதல் விசில் முதல் கடைசி விசில் வரை ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். கடைசி விசில் ஊதியதும் ஆளுக்கொரு கேட் வழியாகப் போய்விடுவார்கள். அண்ணனைப் பற்றிய சேதி வீட்டுக்கு வந்த ஒரே வழி அதுதான்.

"அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்காம்?" என்று மனைவி கேட்பாள்.

"ஹாஃப் டைம்ல கேட்டேன். படி இறங்கறப்பதான் வலிக்குதாம்."

"டாக்டர்கிட்ட காட்டினாராமா?"

"அதைக் கேக்கறதுக்குள்ள செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சிடுச்சு."

"அடுத்த மேட்ச்ல ஆரம்பத்துலயே கேளுங்க. மறக்காம!"

இப்படி ஒரு குடும்பம் கால்பந்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் கிளப்பைப் புது முதலாளிகள் வாங்கினார்கள். வந்ததும் சீசன் டிக்கெட்டை ஒழித்தார்கள். இனி ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனித்தனியாக, செல்போன் ஆப்பில்தான் டிக்கெட். அதன் விலைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: 'உயிருள்ள விலை'. அணி ஜெயித்தால் ஏறும். கோல் அடித்தால் ஏறும். வெயில் இதமாக இருந்தால் ஏறும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் தும்மினால் லேசாக இறங்கும், அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் மறுபடி ஏறிவிடும்.

லிஃப்ட்காரருக்கு இது புரியவே இல்லை. நேராக மைதானத்தின் கவுன்டருக்கே போய்க் கேட்டுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, போன வாரம் பார்த்த விலைக்கும் இப்ப இருக்கற விலைக்கும் நடுவுல என்னம்மா ஆச்சு?"

"ரெண்டு கோல் ஆச்சு சார்."

"அது நம்ம டீம் அடிச்சதுதானே?"

"அதனாலதான் சார்."

"அப்ப தோத்திருந்தா?"

"குறைஞ்சிருக்கும் சார்."

"நான் இப்ப எதை வேண்டிக்கறது? ஜெயிக்கணும்னா, தோக்கணும்னா?"

"அது உங்க விருப்பம் சார். உங்க சீட்டுக்கு இன்னொரு கூடுதல் கட்டணமும் இருக்கு. அது இப்ப வசதி சீட்."

"என்ன வசதி?"

"பாத்ரூம் பக்கத்துல இருக்கில்ல?"

இத்தனை வருடம் ஊரே சேர்ந்து பிடித்துத் தள்ளிய இடத்துக்கு இப்போது வாடகை கேட்கிறார்கள்! மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, ரெண்டு டிக்கெட் குடு" என்றார்.

"இப்ப ஏறிடுச்சு சார். நீங்க பேசிட்டிருக்கறப்பவே ஏறிடுச்சு."

மேலே மட்டுமே போகிற லிஃப்ட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அப்படி ஒன்றைக் கட்டியவனைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். இங்கே அப்படிக் கட்டியவனுக்கு மைதான வாசலில் பெரிய படம்!

விலை ஏறினாலும் இந்த அணி எங்கே ஜெயிக்கப் போகிறது என்றுதான் எல்லோரும் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நம்பிக்கையோடு தோற்பதில் அப்படி ஒரு கை தேர்ந்த அணி. ஆனால் பாருங்கள், விலைக்கு உயிர் வந்த வருடம் பார்த்து அந்தப் பாவிகளுக்கும் உயிர் வந்துவிட்டது. வரிசையாக ஜெயித்தார்கள். கோல்கீப்பர்கூட ஒரு கோல் போட்டான். லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்ட் குழிகளில் இறங்கினார். மச்சான் ஊரில் ஆட்டம் காணாத பற்களையும் ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கடைசி வரிசையில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக உதிர்ந்து, இவர்கள் இருவரும், கண்டக்டரம்மாவும், ஒரு தபால்காரரும்தான் மிச்சம். மற்ற இருக்கைகளில், மைதானத்துக்கு முதுகைக் காட்டித் தங்களையே படமெடுத்துக்கொள்கிற புது ஜனங்கள். அவர்களில் ஒருவன் தபால்காரரிடம், "சார், இதுல நம்ம பசங்க யாரு?" என்று கேட்டான். தபால்காரர் நல்லவர். எதிரணியைக் கைகாட்டிவிட்டார்.

சீசனில் கடைசிக்கு முந்தைய மேட்ச் வந்தது. சிக்கல் இதுதான். இதில் ஜெயித்தால், கடைசி மேட்ச் அணியை முதல் டிவிஷனுக்கே தூக்கிவிடக்கூடிய மேட்ச் ஆகும், விலை வானத்துக்குப் போய்விடும். ஜெயிக்காவிட்டால் கடைசி மேட்ச்சுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. விலை படுத்துவிடும், நால்வரும் சுகமாக வந்து உட்காரலாம். ஜெயித்தால் பார்க்க முடியாது, தோற்றால் பார்க்க ஒன்றுமில்லை. இந்தக் கணக்கைப் போட்ட மூளைக்குப் பல்செட் மாட்டித் தன்னையே கடிக்க வைக்கவேண்டும் என்றார் மச்சான்.

இடைவேளை வரை கோல் இல்லை. கண்டக்டரம்மா குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் நான்கு வரிசைக்குத்தான் கேட்கும்.

"லிஃப்ட்டு, இன்னிக்கு எழுந்திருக்காத. புரியுதா?"

"அம்மா தாயே, இன்னிக்கு நெஜமாவே வருது."

"அடக்கு."

இரண்டாவது பாதியில் படிக்கட்டுப் பக்கம் தபால்காரர் வந்து குந்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டார், மறுபக்கம் மச்சான் தோளில் கையை வைத்து அழுத்தினார். வருடக்கணக்காக எழுந்திரு என்று கத்திய வாய்கள் உட்கார் என்று பல்லைக் கடித்தன. கீழே அணி முட்டி மோதியது. பந்து கம்பத்தில் பட்டது, கீப்பரின் முகத்தில் பட்டது, ஒருமுறை நடுவரின் முதுகிலும் பட்டது. கோல் கம்பத்துக்குள் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் நால்வரும் பாதி எழுந்து, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தார்கள். சொந்த அணி கோல் அடிக்காததற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டு, விட்டதற்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

நேரம் முடியப்போகும் சமயத்தில் கீழ் வரிசைகளில் யாரோ ஆரம்பித்தார்கள். "லிஃப்ட்டு, கிளம்பு!" கேலரி பிடித்துக்கொண்டது. எதிர்க் கேலரி பிடித்துக்கொண்டது.

லிஃப்ட்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ எழுந்தேன்னா, நாளைக்கு நாம எங்கய்யா பேசறது?"

அதே நேரம் கீழே சொந்த அணியின் இளம் முன்கள ஆட்டக்காரன் கீழே விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, முட்டி தேய முட்டி தேயப் பந்துக்குப் பின்னால் ஓடினான். மச்சானின் தாடை இறுகித் தளர்ந்தது. தோளிலிருந்த கையை எடுத்தார்.

"போய்த் தொலை மாப்ளே. நம்ம பசங்கய்யா."

லிஃப்ட்காரர் படியில் இறங்கினார். பாதி வேலைகூட முடியவில்லை, தொட்டி மூடி குதித்தது.

மேலே வந்தபோது கேலரியே ஆடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் மட்டும் மூன்று பேர், ஆனந்தக் கண்ணீரா வேறு கண்ணீரா என்று சொல்ல முடியாத முகத்தோடு, தபால்காரரின் செல்போனைச் சுற்றி நின்றார்கள். கடைசி மேட்ச்சின் விலை திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் மீட்டர்கூட அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. கடைசியில் அது போய் நின்ற எண்ணைப் பார்த்து கண்டக்டரம்மா, "இதுக்கு ஒரு பஸ்ஸே வாங்கி ஓட்டலாமே!" என்றாள். விசில் ஊதியது. மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேட்ச் முடிந்துவிட்டது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டு தன் கேட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மனைவி கேட்டாள், "தோத்துட்டாங்களா?"

"ஜெயிச்சுட்டாங்க."

"பின்னே ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்த சத்தம், அவருடைய காதுக்கு நிச்சயமாக ஃப்ரீ கிக்.

"அன்னிக்கு அந்த ஓட்டை வழியா 'கோலு'ன்னு ஒரு வார்த்தை கத்தியிருந்தீங்கன்னா, எங்கண்ணன்கூடப் பேச டிக்கெட் எடுக்கவேண்டிய தலையெழுத்து உங்களுக்கு வந்திருக்குமா? ஓசியில, இதே கூடத்துல, கால் நீட்டி உக்காந்து பேசியிருக்கலாமே! வாயைத் திறக்காததுக்கு வட்டி கட்டறீங்க, வட்டி!"

டி.வி.யில் பார்க்கலாமே என்று யாராவது கேட்கலாம். அந்தச் சானலையும் அதே முதலாளிகள்தான் வாங்கியிருந்தார்கள். அதன் விலைக்கும் உயிர் கொடுத்துவிட்டார்கள். ரேடியோ ஒலிபரப்பையோ கழுத்தை நெரித்தே கொன்றிருந்தார்கள்.

லிஃப்ட்காரருக்கு அடுத்த நாள் ஒரு மோட்டார் அறையில், இரும்புக் கயிறு சக்கரத்தில் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூளையில் விளக்கெரிந்தது. கழிப்பறைச் சுவரில் உயரத்தில் ஒரு காற்று ஜன்னல் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. தெருவில் நடைபாதை. நடைபாதைக்கு விலை இல்லை! கண்டக்டரம்மாவுக்கும் தபால்காரருக்கும் தானே சொன்னார். மச்சானுக்கு மனைவி போன் செய்தாள்.

"என்ன சொன்னாரு?"

"'ம்'ன்னாரு."

"வரேன்னு ம்மா, வரமாட்டேன்னு ம்மா?"

"என்னைக் கேட்டா? அந்த ம்முக்கு அர்த்தம் சொல்ற அகராதியை இனிமேதான் யாராவது அச்சடிக்கணும்!"

கடைசி மேட்ச் அன்று மூவரும் நடைபாதையில், சாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். போகிறவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். விசில் ஊதுவதற்குச் சற்று முன்னால் மச்சான் வந்தார். வந்து, தள்ளியிருந்த விளக்குக் கம்பத்துக்கு அடியில் நின்று, அதில் ஒட்டியிருந்த 'அறை வாடகைக்கு' நோட்டீஸைப் பரீட்சைக்குப் படிப்பவர் போலப் படிக்க ஆரம்பித்தார். இது இருக்கை இல்லை, தெரு. தெருவில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

உள்ளே விசில் ஊதியது. சத்தம் எழும்பி அடங்கியது.

"லிஃப்ட்டு, என்னது?" என்றாள் கண்டக்டரம்மா.

"த்ரோ. நமக்குத்தான்." பிறகு, "கார்னர். வடக்குக் கேலரிதான் முதல்ல எழுந்தது, அந்தப் பக்கம்." பிறகு, "ஒண்ணுமில்ல, யாரோ கீழே விழுந்து நடிக்கிறான்." சொல்வது கண்டக்டரம்மாவுக்கு. ஆனால் குரலை விளக்குக் கம்பம்வரை போகிற அளவுக்கு உயர்த்தி வைத்திருந்தார். மச்சான் நோட்டீஸைப் படித்து முடித்து, அடுத்த குழாய்வரை நகர்ந்து, அங்கே நின்று ஆகாயத்தைப் படித்தார்.

திடீரென்று ஊர் முழுக்கச் சுண்டுவிரலை இடித்துக்கொண்டது.

"கம்பம்!" என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

"எந்தக் கம்பம்?"

கேட்டது மச்சான். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனார்.

"மேல் கம்பம், மச்சான். பக்கக் கம்பம்னா சத்தம் ரெண்டாப் பிரியும். இது ஒரே சத்தம்."

மச்சான் இரண்டு எட்டு வைத்துச் சுவருக்கு வந்தார். "இன்னிக்கு மட்டும் வாய் நல்லாத் திறக்குதே" என்று குத்தினார். ஆனால் பக்கத்திலேயே நின்றார், கேலரியில் உட்காருகிற அதே இடது பக்கம்.

இடைவேளைக்குப் பிறகு எல்லாம் நின்றது. சத்தமே இல்லை. காற்று ஜன்னலில் ஒரு புறா சிறகடித்தது கேட்டது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவங்க அடிச்சுட்டாங்க."

மூவரும் பழக்க தோஷத்தில் ஒரே குரலில் கத்தினார்கள், "லிஃப்ட்டு, கிளம்பு!"

"எங்கய்யா கிளம்பறது?" வெடித்தார் அவர். "ஏற்கெனவே வெளியதானே நிக்கிறேன்! இதுக்கு மேல எழுந்திருக்க நான் என்ன படுத்தா கிடக்கறேன்?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில்தான், மினுமினுக்கும் மேல்கோட்டு போட்ட ஒரு தொந்திக் காவலாளி, கையில் ஒரு கருவியோடு மூச்சு வாங்க வந்தார்.

"இங்க நிக்கக் கூடாது. நிக்கணும்னா ஆப்புல டிக்கெட் எடுக்கணும். இன்னிக்குக் காலையிலேருந்து இது கேட்கும் பகுதி."

"தெருவுக்கா டிக்கெட்டு?" என்றார் தபால்காரர்.

"தெருவுக்கு இல்ல. சத்தத்துக்கு."

"இது கக்கூஸ் ஜன்னல்ய்யா! இது வழியா வர்ற சத்தத்துக்கா?"

"என்கிட்ட சொன்னாங்க, நான் சொல்றேன். என் பிள்ளைக்கே உள்ள ஒரு டிக்கெட் எடுக்க எனக்கு வக்கில்ல. என்கிட்ட ஏன்மா சத்தம் போடறீங்க?" கண்டக்டரம்மா இன்னும் வாயே திறந்திருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே காவலாளி பின்வாங்கிவிட்டார்.

மச்சான் முன்னால் வந்தார். "யார்கிட்டய்யா காசு கேக்கறே? இவன் என் தங்கச்சி புருஷன்! இந்த டீம் அடிச்ச கோல் அத்தனையும் இவன் மூத்திரத்தை அடக்கியும் அடக்காமலும் வாங்கிக் குடுத்தது! உங்க முதலாளிதான் இவனுக்குச் சம்பளம் குடுக்கணும்!"

"விடு மச்சான்." லிஃப்ட்காரருக்குப் பொறுமை அறுந்துபோயிருந்தது. "சீட்டைப் பிடுங்கினீங்க, டி.வி.யைப் பிடுங்கினீங்க, இப்ப காதையும் பிடுங்கிக்கறீங்களா? உங்க சத்தத்தை நீங்களே ஊறவச்சுக் குடிங்க!" விருட்டென்று திரும்பித் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்.

எதிர் நடைபாதையில் அவர் கால் வைத்ததும் சுவர் அதிர்ந்தது. தொட்டி மூடி குதித்தது தெருவுக்கே கேட்டது.

காவலாளிகூட வாயைப் பிளந்தார். கண்டக்டரம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது.

"தூரம்! இப்ப தூரம்தான் கணக்கு! லிஃப்ட்டு, போ! நிக்காம போ! நான் இங்கிருந்து சத்தத்தைக் கேட்டு போன்ல சொல்றேன்!"

"தனியா விட்டா இவன் வழியில நின்னு ஏதாவது மோட்டாரை வேடிக்கை பார்ப்பான்" என்று சொல்லிக்கொண்டே மச்சானும் முட்டியைப் பிடித்தபடி பின்னால் ஓடினார்.

தெரு திரும்பினார்கள். "நம்ம பந்து!" என்றது போன். சிக்னலில் நின்றார்கள். "யோவ், ஏன் நின்னீங்க? அவனுங்க ஏறி வர்றானுங்க!" சிவப்பு விளக்கில் கடந்தார்கள். ஒரு லாரிக்காரன் இருவரின் பரம்பரையையும் விசாரித்தான். மச்சானின் முட்டி மடங்க மறுத்தது. லிஃப்ட்காரர் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். போக இடமிருந்த வரைக்கும் போய், கால் பழகிய பாதையிலேயே போய், தெரு முடிகிற இடத்துக்கு வந்து நின்றார்கள். அதற்கு மேல் தெரு இல்லை. கடைசி வீடு. லிஃப்ட்காரர் வீடு.

மச்சான் வாசப்படிக்கு முன்னால் சிலையாகிவிட்டார்.

போன் அலறியது. "எங்க நின்னீங்க? கடைசி நிமிஷம்! பந்து நம்ம பாக்ஸுக்குள்ள வருது! நகருங்கய்யா!"

"உள்ள போ மாப்ளே!"

"நீ வராம நான் போகமாட்டேன்."

"யோவ், டீம் போயிடும்ய்யா!"

"போகட்டும்."

சாந்தமாகத்தான் சொன்னார். மச்சான் அவரை முறைத்தார், வாசப்படியை முறைத்தார், பற்களை ஒருமுறை நறநறவென்று கடித்தார். பிறகு வலிக்கிற முட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். பின்னாலேயே லிஃப்ட்காரரும் நுழைந்தார்.

போனில் கண்டக்டரம்மாவின் குரல் வரவில்லை. ஒரு பஸ் முழுக்க ஜனங்களை ஏற்றிக் கவிழ்த்த மாதிரி ஓர் இரைச்சல்தான் வந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே நீளமாக ஒரு விசில். ஜெயித்துவிட்டார்கள். முதல் டிவிஷன்.

விசில் ஊதியதும் இருவரும் பழக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மனைவி அடுப்படி வாசலில் நின்று, அண்ணனின் முகத்தையும் புருஷனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பித்தவறி ஏதாவது சொல்லிவிடப் போகிறோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மச்சான் வாசலைப் பார்த்தார். முட்டியைத் தடவினார். சுவரில் ஒரு விரிசலைக் கவனமாக ஆராய்ந்தார்.

"ஏம்மாப்ளே" என்றார் கடைசியில், விரிசலைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு, நான் லிஃப்ட்டுல இருக்கறப்ப... அந்தப் பெனால்டி. எந்த மூலையில அடிச்சான்?"

"உக்காரு மச்சான்" என்று நாற்காலியை இழுத்தார் லிஃப்ட்காரர். "முதல்லேருந்து சொல்றேன்."

மேசை மேலிருந்த அவருடைய செல்போன், அடுத்த சீசனின் விலையை அறிவிக்கக் கீச்சிட்டது. உடனேயே அது ஏறிவிட்டதாக மறுபடி கீச்சிட்டது. மூன்றாவது தடவை கீச்சிடுவதற்குள் மனைவி அதை எடுத்து, சோபா மெத்தைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "எந்த மூலை?"